ஆழமும் அழுத்தமும்

1983ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள். விடியற்காலை 4 மணி. வட கடலில், நார்வே நாட்டுக்குரிய கடற்பகுதியில் அமைந்த ஃபிரிக் எரிவாயு வயலில், 'பைஃபோர்ட் டால்ஃபின்' என்னும் மிதக்கும் துளையிடும் மேடை வேலையில் ஈடுபட்டிருந்தது. அந்த மேடையின் மேலிருந்த எஃகு அறைகளுக்குள் நான்கு முக்குளிப்பாளர்கள் இருந்தனர். இருவர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தனர். மற்ற இருவர் கடலடியில் வேலையை முடித்துவிட்டுச் சற்று முன்னர்தான் திரும்பியிருந்தனர். அறைக்கு வெளியே இரண்டு உதவியாளர்கள் நின்றுகொண்டிருந்தனர்.

ஒரே நொடியில் அறைக்குள் இருந்த நால்வரும் உயிரிழந்தனர். வெளியே நின்ற இருவருள் ஒருவரும் மாண்டார், இன்னொருவர் படுகாயமடைந்தார். அவர்களுள் எவரும் நீரில் மூழ்கவில்லை. தீப்பிடிக்கவில்லை, மேடை கவிழவில்லை, புயலும் அடிக்கவில்லை. அறைக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே பாய்ந்தது. நடந்தது அவ்வளவுதான்.

கடலுக்கு மேலே, கப்பல்தளம் போன்ற ஓர் இடத்தில் பாதுகாப்பாக இருந்த மனிதர்கள் வாயு வெளியேறியதால் எப்படி இறந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், மனித உடலுக்கும் அழுத்தத்திற்கும் உள்ள உறவை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அந்த உறவைப் புரிந்துகொள்ள மனிதருக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. அதற்காகப் பலர் தம் உடலையே விலையாகக் கொடுத்தனர்.

நீரின் சுமை

நிலத்தில் வாழும் ஒவ்வொருவரையும் காற்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. பிறந்தது முதல் பழகிவிட்டதால் அதை யாரும் உணர்வதில்லை. கடல்மட்டத்தில் உள்ள இந்த அழுத்தத்தை ஒரு வளிமண்டல அழுத்தம் என்பர். நீரோ காற்றைவிடப் பன்மடங்கு கனமானது. ஆகவே, நீருக்குள் இறங்க இறங்க அழுத்தம் விரைவாகக் கூடும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் சேர்ந்துகொள்கிறது. மேற்பரப்பில் 1 என்றால் 10 மீட்டரில் 2. 30 மீட்டரில் 4. 80 மீட்டரில் 9.

நீச்சல் குளத்தின் ஆழமான பகுதியில் அடித்தரையைத் தொட முயன்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. இரண்டு மூன்று மீட்டர் இறங்குவதற்குள் காதில் வலி எடுக்கும். ஆனால், கையோ காலோ வலிப்பதில்லை. உடலின் பெரும்பகுதி நீரால் ஆனது. நீர் எளிதில் சுருங்காது. காற்று சுருங்கும். அதனால் காது, முக எலும்புகளில் உள்ள குழிகள், நுரையீரல் ஆகிய காற்றுள்ள இடங்களில்தான் அழுத்தம் தன் வேலையை முதலில் காட்டுகிறது.

அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகக் குறையும் என்பதை ராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். வகுப்பறையில் அது ஒரு சூத்திரம். முக்குளிப்பாளருக்கோ அது உயிரோடு தொடர்புடையது. 10 மீட்டர் ஆழத்தில் காற்றுக்கலனிலிருந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்த ஒருவர், ஏதோ அச்சத்தில் அந்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே விரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பை எட்டும்போது அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். அதற்கு நுரையீரலில் இடம் இல்லை. அது கிழிந்துவிடும். 'எந்நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது' என்பது முக்குளிப்புப் பயிற்சியில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் விதி. நீருக்குள் மூச்சை அடக்குவதுதான் மனிதரின் இயல்பு என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பயிற்சி எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

கரைந்திருக்கும் வாயு

நுரையீரல் கிழிவது உடனே தெரியும் ஆபத்து. இன்னோர் ஆபத்து ஓசையின்றி வரும்.

மூடிய சோடா போத்தலைப் பார்த்தால் உள்ளே ஒரு குமிழியும் தெரியாது. மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்ற ஒலியுடன் குமிழிகள் பொங்கி எழும். அந்த வாயு எங்கிருந்தோ புதிதாக வந்ததன்று. ஆலையில் மிகுந்த அழுத்தத்தில் அது பானத்துக்குள் கரைக்கப்பட்டிருந்தது. மூடி திறந்ததும் அழுத்தம் குறைந்தது. இனிக் கரைந்திருக்க முடியாத வாயு குமிழியாகப் பிரிந்தது. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் அதற்கேற்பக் கூடும் என்பதை வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1803ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. உள்ளே இழுத்ததை வெளியே விட்டுவிடுகிறது. ஆனால், ஆழத்தில் மிகுந்த அழுத்தத்தோடு காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதன் அளவு கூடும். ஆழத்தில் இருக்கும்வரை அதனால் இந்தத் தொல்லை வருவதில்லை. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வந்த வழியில் திரும்பிப் போய்விடும். விரைந்து ஏறினாலோ சோடா போத்தலில் நடந்தது உடலுக்குள் நடக்கும். மூட்டுகளில் குமிழிகள் தோன்றினால் தாங்க முடியாத வலி. முதுகுத்தண்டில் தோன்றினால் கால்கள் செயலிழக்கும். மூளைக்கோ நுரையீரலுக்கோ போகும் இரத்தக் குழாய்களை அடைத்தால் மரணம். இதுவே அழுத்தநீக்க நோய்.

வியப்பான செய்தி என்னவென்றால், இந்நோயைப் பெருமளவில் உலகுக்குக் காட்டியவர்கள் கடலில் மூழ்கியவர்கள் அல்லர், பாலம் கட்டியவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் பெரிய ஆறுகளின் குறுக்கே பாலம் அமைக்க ஒரு புதிய முறை வந்தது. அடிப்பக்கம் திறந்த மாபெரும் பெட்டி ஒன்றை ஆற்றுக்குள் இறக்குவர். அதற்குக் கெய்சன் என்று பெயர். நீர் உள்ளே புகாதபடி அதற்குள் அழுத்தமான காற்றைச் செலுத்துவர். தொழிலாளர்கள் அதற்குள் நின்று ஆற்றுப்படுகையைத் தோண்டுவர். தோண்டத் தோண்டப் பெட்டி கீழே இறங்கும்; காற்றின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் சில நிமிடங்களில் வெளிக்காற்றுக்கு வந்துவிடுவர். வலி அதன்பிறகுதான் தொடங்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியபோது பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இந்நோயால் இறந்தனர்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திலும் அதே கதை தொடர்ந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித், சிகிச்சை தேவைப்பட்ட 110 நோயாளிகளைப் பதிவு செய்தார். வலியால் உடலை வளைத்து நடந்த தொழிலாளர்களை அக்காலத்து நாகரிகப் பெண்கள் முன்சாய்ந்து நடந்த பாணியோடு ஒப்பிட்டு, மற்றவர்கள் 'வளைவு' என்று கேலியாகக் குறிப்பிட்டனர். அந்தக் கேலிப்பெயரே இன்றளவும் ஆங்கிலத்தில் இந்நோயின் பெயராக நிலைத்துவிட்டது.

பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் தொழிலாளர்களோடு தாமும் கெய்சனுக்குள் இறங்கி வேலையைப் பார்வையிட்டவர். 1872ஆம் ஆண்டில், மன்ஹாட்டன் கரையில் தோண்டிய ஆழம் ஏறத்தாழ 24 மீட்டரை எட்டியிருந்தது. பாறை இன்னும் தட்டுப்படவில்லை. ஆட்கள் இறக்கத் தொடங்கினர். மேலும் தோண்டினால் இன்னும் பல உயிர்கள் போகும் என்பதை உணர்ந்த ரோப்லிங், தோண்டுவதை அத்துடன் நிறுத்தச் சொன்னார். கெட்டியான மணற்படுகையின் மேலேயே கோபுரம் எழுந்தது. அது இன்றும் அப்படியே நிற்கிறது. பொறியாளராக அவர் எடுத்த முடிவுகளுள் இதுவே மிகத் துணிவானது எனலாம். ஆயினும், நோய் அவரையும் விடவில்லை. அதே ஆண்டில் அவர் உடல்நலம் குன்றிப் படுக்கையில் வீழ்ந்தார். கட்டுமான இடத்திற்கு அவரால் போக முடியவில்லை. வீட்டுச் சன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். அவருடைய மனைவி எமிலி கணிதமும் பொறியியலும் கற்றுக்கொண்டு, கணவரின் கட்டளைகளைப் பொறியாளர்களிடம் கொண்டு சென்றார், வேலையையும் மேற்பார்த்தார். 1883ஆம் ஆண்டு மே மாதம் பாலம் திறக்கப்பட்டது.

முத்துக்குளித்தவர்களுக்கு ஏன் வரவில்லை?

இங்கே ஓர் ஐயம் எழலாம். மன்னார் வளைகுடாவில் தமிழர்கள் பன்னூறு ஆண்டுகளாக முத்துக்குளித்து வந்திருக்கிறார்கள். கல்லைக் காலில் கட்டி, கயிற்றைப் பற்றி, பத்து மீட்டருக்கும் கீழே இறங்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். புரூக்ளின் தொழிலாளர்களைப் போல அவர்கள் ஏன் முடமாகவில்லை?

அவர்கள் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியவர்கள் என்பதே விடை. மேற்பரப்பில் இழுத்த ஒரு மூச்சுக்காற்றில் உள்ள நைட்ரஜன் மிகக் குறைவு. கீழே இருக்கும் நேரமும் ஒரு நிமிடத்தைச் சுற்றியே இருக்கும். உடலில் கரைந்து சேர்வதற்கு அது போதாது. சுறா, நீர்ச்சுழி, மூச்சுத் திணறல் என அவர்களுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன என்பது வேறு செய்தி.

அழுத்தமான காற்றைக் குழாய் வழியே அனுப்பும் செப்புத் தலைக்கவசம் வந்தபோதுதான் முத்துத் தொழிலுக்குள்ளும் இந்நோய் நுழைந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் சிப்பி எடுக்கும் வேலைக்கு ஜப்பானியரும் மலாய்க்காரரும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சென்றனர். அவர்களுள் பலர் சிங்கப்பூர் வழியாக அனுப்பப்பட்டவர்கள். கவசம் அணிந்த ஒருவர் கடலடியில் நெடுநேரம் இருக்கலாம். நிறையச் சிப்பி எடுக்கலாம். மேலே ஏறும் முறையை மட்டும் அவர்களுக்குச் சொல்லித்தர அக்காலத்தில் ஆள் இல்லை. புரூமில் உள்ள ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான கல்லறைகளைக் காணலாம். அங்கு அடங்கியிருப்போருள் பலர் முக்குளிப்பாளர்கள்.

ஆடுகள் சொன்ன பாடம்

நோயின் காரணத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர். விலங்குகளை அழுத்த அறையில் வைத்து ஆய்ந்த அவர், இரத்தத்தில் தோன்றும் குமிழிகள் நைட்ரஜனே என்பதை 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மெய்ப்பித்தார். கெய்சன் தொழிலாளர்கள் முன்பே ஒன்றைக் கவனித்திருந்தனர்: மீண்டும் கெய்சனுக்குள் இறங்கினால் மூட்டுவலி குறைந்துவிடும். படிப்பறிவு குறைந்த அந்தத் தொழிலாளர்கள் கண்டது முற்றிலும் சரி. அழுத்தம் கூடியதும் குமிழிகள் சுருங்கி மீண்டும் கரைந்துவிடுகின்றன. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டியபோது, எர்னஸ்ட் மோயர் என்னும் பொறியாளர் நோயுற்றவர்களை வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்குவதற்கென்றே ஓர் அறையை அமைத்தார். அதன்பின் அங்கு இறப்புகள் பெரிதும் குறைந்தன. இன்றைய சிகிச்சை முறையும் அடிப்படையில் அதுதான். லூமுட் கடற்படைத் தளத்திலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் உள்ள அழுத்த அறைகள் இதே கொள்கைப்படிதான் இயங்குகின்றன. உடன் ஆக்சிஜனும் கொடுக்கப்படுகிறது.

நோயைத் தீர்ப்பது ஒன்று. வராமல் தடுப்பது இன்னொன்று. எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும்? 1905ஆம் ஆண்டுவாக்கில் பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கேள்வியை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலாளரிடம் ஒப்படைத்தது. அவர் ஆடுகளைத் தேர்ந்தெடுத்தார். எலி போன்ற சிறு விலங்குகளைவிட ஆடு மனித உடலுக்கு அளவில் நெருக்கமானது. இன்னொரு வசதியும் இருந்தது. மூட்டில் வலி வந்தால் ஆடு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்க வேண்டியதில்லை.

ஆடுகளை அழுத்த அறையில் வைத்து, பல வேகங்களில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த ஹால்டேன், அதுவரை யாரும் எண்ணாத ஒன்றைக் கண்டார். 10 மீட்டர் ஆழத்திலிருந்து, அதாவது 2 வளிமண்டலத்திலிருந்து 1க்கு, எவ்வளவு விரைவாக வந்தாலும் நோய் வருவதில்லை. அப்படியானால் 4லிருந்து 2க்கும், 6லிருந்து 3க்கும் விரைந்து வரலாம் அல்லவா? எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பது முக்கியமன்று; எத்தனை மடங்கு குறைகிறது என்பதே முக்கியம். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே வேகத்தில் ஊர்ந்து ஏறுவது அக்கால வழக்கம். அதனால் பயனில்லை என்றார் அவர். முதலில் பாதி அழுத்தம் வரை விரைந்து ஏறி, பிறகு குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று வர வேண்டும். மேற்பரப்பை நெருங்க நெருங்க நிற்கும் நேரம் கூட வேண்டும்.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இரத்த ஓட்டம் மிகுந்த மூளை விரைவில் நிரம்பி விரைவில் காலியாகும். கொழுப்பு மெதுவாக நிரம்பி மெதுவாகக் காலியாகும். இவற்றையெல்லாம் வைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அட்டவணைகள் வகுத்தார். 1906ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கரையோரம் கடற்படையினர் டாமன்ட், கேட்டோ ஆகிய இருவர் 64 மீட்டர் வரை இறங்கி நலமாக மேலே வந்தனர். அந்தப் பயணத்தில் ஹால்டேனின் 13 வயது மகனும் கவசம் அணிந்து கடலில் இறங்கினான். கவசம் பெரியவர்களுக்கானது, மணிக்கட்டு வழியே குளிர்ந்த நீர் உள்ளே புகுந்துவிட்டது. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற மரபியல் அறிஞராகி, இந்தியாவில் குடியேறி, அங்கேயே மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1908ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வே பின்னர் வந்த அட்டவணைகளுக்கு அடித்தளமானது. இன்று முக்குளிப்பாளரின் மணிக்கட்டில் உள்ள சிறு கணினி கணக்கிடும் முறையிலும் அதன் சாயல் உண்டு.

அழுத்தத்துக்குள் குடியிருப்பு

1960களில் வட கடலின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் கண்டுபிடிக்கப்பட்டன. குழாய்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் மனிதக் கைகள் தேவைப்பட்டன. வேலை நடக்கும் ஆழமோ பெரும்பாலும் 70 மீட்டருக்கும் மேல். அங்குச் சாதாரணக் காற்று உதவாது. 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் மூளையை மயக்கத் தொடங்கும். மது அருந்தியவரைப் போல முக்குளிப்பாளர் தவறான முடிவுகளை எடுப்பார். எனவே, நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தை ஆக்சிஜனோடு கலந்து கொடுத்தனர்.

அடுத்த சிக்கல் நேரம். 80 மீட்டரில் சில மணி நேரம் வேலை செய்தவர் பாதுகாப்பாக மேலே வரப் பல மணி நேரமாகும். ஒவ்வொரு நாளும் இப்படி ஏறி இறங்கினால் வேலை எப்போது முடியும்? அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகள் இதற்கு வழி காட்டின. ஓர் அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாள் தங்கிவிட்டால் உடல் ஏற்கக்கூடிய வாயு முழுவதையும் ஏற்றுவிடும். அதன்பின் ஒரு வாரம் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் கூடுதலாக எதுவும் கரையாது. அப்படியானால் தினந்தோறும் அழுத்தத்தை நீக்குவதற்குப் பதில், வேலை முடியும்வரை அழுத்தத்திலேயே குடியிருந்தால் என்ன?

அதுதான் இன்றும் வழக்கில் உள்ள முறை. கப்பலிலோ மேடையிலோ உள்ள எஃகு அறைக்குள் முக்குளிப்பாளர்கள் நுழைகின்றனர். கடலடியில் உள்ள அளவுக்கு அறையின் அழுத்தம் உயர்த்தப்படுகிறது. உண்பதும் உறங்குவதும் அங்கேதான். உணவு ஒரு சிறிய இரட்டைக் கதவுப் பெட்டி வழியாக உள்ளே வரும். ஹீலியத்தால் குரல் வாத்தின் குரலாக மாறிவிடும். பேசுவதைப் புரிந்துகொள்ளத் தனிக் கருவி வேண்டும். ஹீலியம் உடல் வெப்பத்தை விரைவாகக் கவர்ந்துவிடுவதால் அறையை வெப்பமாகவும் வைத்திருக்க வேண்டும். வேலை நேரம் வந்ததும் அவர்கள் அறையோடு இணைக்கப்பட்ட மணி வடிவக் கலத்துக்குள் செல்வர். கலம் அறையிலிருந்து பிரிக்கப்பட்டு, கம்பிவடத்தில் கடலுக்குள் இறக்கப்படும். சுவாசிக்கும் வாயு, உடையைச் சூடாக்கும் வெந்நீர், பேசும் கம்பி ஆகிய மூன்றும் ஒரே தடித்த குழாய்க்கற்றையாக அவர்களைத் தொடர்ந்து வரும். அதைத் தொப்புள்கொடி என்றே அழைக்கின்றனர்.

வேலை முழுவதும் முடிந்தபிறகு அழுத்தம் ஒரே ஒருமுறை நீக்கப்படும். ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் இன்னொரு நாள் என்பது பொதுவான கணக்கு. விண்வெளி நிலையத்திலிருந்து புறப்படும் வீரர் சில மணி நேரத்தில் பூமிக்கு வந்துவிடலாம். மேல்தளத்தில் உள்ள அந்த எஃகு அறையில் இருப்பவரோ, சன்னல் வழியே சக தொழிலாளர்களைக் கையெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே நான்கு நாள் காத்திருக்க வேண்டும்.

அந்த விடியற்காலை

பைஃபோர்ட் டால்ஃபின் மேடையில் இருந்த நால்வரும் இப்படித்தான் 9 வளிமண்டல அழுத்தத்தில் குடியிருந்தனர். இருவர் பிரிட்டிஷ்காரர், இருவர் நார்வேக்காரர். அறைகளையும் மணிக்கலத்தையும் ஒரு குறுகிய இணைப்புக்குழாய் சேர்த்திருந்தது. குழாயையும் கலத்தையும் ஓர் எஃகுக் கவ்வி பிடித்திருந்தது. கடலிலிருந்து திரும்பிய இருவரும் அந்தக் குழாய் வழியே அறைக்குள் வந்துவிட்டனர்.

இனிச் செய்ய வேண்டியவை வழக்கமானவை. முதலில் கலத்தின் கதவை மூட வேண்டும். அந்தக் கதவு நன்கு பதியும்படி கலத்தின் அழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டும். அடுத்து, அறைக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட கதவை மூட வேண்டும். பிறகு குழாயில் மட்டும் அழுத்தத்தை மெதுவாகக் குறைத்து வெளிக்காற்றின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகே கவ்வியைத் திறக்கலாம். முதல் இரண்டு வேலைகளும் முடிந்திருந்தன. முக்குளிப்பாளர் ஒருவர் மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தார். கதவு இன்னும் முழுமையாக மூடவில்லை. அந்த வேளையில் வெளியே இருந்த உதவியாளர் கவ்வியைத் திறந்துவிட்டார்.

9 வளிமண்டலம் ஒரே கணத்தில் 1 ஆனது. நான்கு நாளில் நடக்க வேண்டிய அழுத்தநீக்கம் நொடிப்பொழுதில் நடந்தது. அவ்வளவு வேகத்தில் அழுத்தம் குறைந்தால் இரத்தத்தில் கரைந்த வாயு முழுவதும் உடனே கொதிப்பதுபோல் பொங்கிவிடும். அவர்களுக்கு வலியை உணரக்கூட நேரம் இருந்திராது. பீறிட்ட வாயுவின் விசையில் பல டன் எடையுள்ள கலம் தூக்கியெறியப்பட்டது. கவ்வியைத் திறந்த உதவியாளரும் அதில் மாண்டார்.

அவர் ஏன் திறந்தார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. யாராவது திறக்கச் சொன்னார்களா, சொன்னதைத் தவறாகக் கேட்டாரா, வேலை முடிந்துவிட்டதென்று தாமே எண்ணினாரா? சொல்ல வேண்டியவர் உயிருடன் இல்லை. வெளியே இருந்தவர்களுக்குக் கட்டளை வந்த வழி சுவரில் பொருத்திய ஓர் ஒலிபெருக்கி மட்டுமே. மேடையின் இரைச்சலிலும் கடலின் இரைச்சலிலும் அதில் வருவதைச் சரியாகக் கேட்பது கடினம். நீண்ட நேர வேலை என்பதால் களைப்பும் உண்டு.

மனிதத் தவறே காரணம் என்று முதலில் கூறப்பட்டது. இறந்தவரின் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால், அந்த விடையோடு நின்றுவிட முடியாத சில உண்மைகள் இருந்தன. குழாயில் அழுத்தம் இருக்கும்போது கவ்வியைத் திறக்கவே முடியாதபடி தடுக்கும் பூட்டு அந்த அமைப்பில் இல்லை. குழாயின் அழுத்தத்தை வெளியே இருப்பவர் பார்த்தறியும் அளவுமானியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, சரியாகக் காதில் விழாத கட்டளையை நம்பி, விடியற்காலையில் களைப்போடு ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகே, அழுத்தம் இருக்கும்போது திறக்க முடியாத பூட்டு எல்லா மணிக்கல அமைப்புகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தினரும் பழைய முக்குளிப்பாளர்களும் உண்மையை வெளிக்கொணரப் பல ஆண்டுகள் போராடினர். கருவியின் குறைபாட்டைச் சுட்டிய அறிக்கை பின்னர் வெளிவந்தது. 26 ஆண்டுகள் கழித்தே அக்குடும்பங்களுக்கு நார்வே அரசு இழப்பீடு வழங்கியது.

மறைக்கப்பட்ட அட்டவணைகள்

நொடியில் நேர்ந்த விபத்து செய்தியாகிறது. மெதுவாக நேர்ந்தவை அவ்வாறு ஆகவில்லை. வட கடலில் உழைத்த முக்குளிப்பாளர்களுள் பலருக்கு ஆண்டுகள் கழித்து நினைவாற்றல் குறைந்தது, செவித்திறன் மங்கியது, நுரையீரலும் நரம்புகளும் பழுதடைந்தன. இளமையில் மிகுந்த உடல்வலிமை இருக்கிறதென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அவர்கள் எந்த அட்டவணைப்படி மேலே கொண்டுவரப்பட்டார்கள் என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஹால்டேன் தம் அட்டவணையை யாரும் படிக்கும்படி வெளியிட்டார். வட கடலிலோ அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. அதைத் தொழில் இரகசியமாகப் பாதுகாத்தது. அழுத்தநீக்கம் விரைவாக முடிந்தால் செலவு குறையும். போட்டி நிறுவனத்தைவிடக் குறைந்த விலைக்கு வேலையை எடுக்கலாம். அந்த விரைவின் விலை என்ன என்பது, அறைக்குள் படுத்திருந்தவருக்குச் சொல்லப்படவில்லை.

பழைய முக்குளிப்பாளர்கள் சிலர் நார்வே அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். உள்நாட்டு நீதிமன்றங்களைக் கடந்து அவ்வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. விரைவான அழுத்தநீக்க அட்டவணைகளால் தம் உடலுக்கு நேரக்கூடிய தீங்கை எடைபோட்டுப் பார்க்கத் தேவையான தகவல்கள் முக்குளிப்பாளர்களுக்குக் கிடைக்கும்படி அரசு செய்யவில்லை. அதனால் அவர்களின் உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்தவர்கள் வட கடலில் முதன்முதலாக இறங்கியபோது இளைஞர்கள். தீர்ப்பைக் கேட்டபோது அவர்கள் முதுமையை எட்டியிருந்தனர்.